பாடபேதம்

திரையில் இரண்டே வரிகள். மேல் வரி சிவப்பில், முன்னால் ஒரு கழித்தல் குறி. கீழ் வரி பச்சையில், முன்னால் ஒரு கூட்டல் குறி. இரண்டும் ஒரே ஆங்கில வாக்கியம்தான். ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது. நிரல் எழுதுபவரைக் குறிக்க மேல் வரியில் ‘அவன்’ என்ற பொருளில் இருந்த சொல், கீழ் வரியில் ஆணும் பெண்ணும் யாரும் உள்ளே வரக்கூடிய ‘அவர்’ ஆகியிருந்தது.

“இதுதாம்மா நான் பண்ணது. பெரிசா ஒண்ணுமில்ல” என்றாள்.

அவள் என் பழைய மாணவி. தமிழ் படித்தவள் அல்ல. கணினி அறிவியல் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கப் போனபோது முதல் வரிசையில் உட்கார்ந்து, புணர்ச்சி விதியைக் கணக்கு மாதிரிப் போட்டுக் காட்டியவள். இப்போது முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. இரவு எட்டு மணிக்குமேல், அம்மாவுக்கு மாவு அரைத்துக் கொடுத்த பிறகு, சம்பளமில்லாத இன்னொரு வேலை: ஓப்பன் சோர்ஸ் கம்பைலர் ஒன்றில் பிழை திருத்துகிறாள். எந்தக் கம்பைலர் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை.

அந்தச் சிவப்பையும் பச்சையையும் பார்த்ததும் எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. நான்கு வருடம் முனைவர் பட்டத்துக்காக இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்! ஓலைச்சுவடியிலும் பழைய பதிப்புகளிலும் ஒரு பாட்டின் ஒரு சொல் வேறுவேறாக இருக்கும். ஒன்றை மேலே வைத்து, மற்றதை அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் கொடுப்போம். பாடபேதம். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட காலத்திலிருந்து தமிழில் பதிப்பு வேலை என்றால் பாதி இதுதான். ‘சில பிரதிகளில் இவ்வாறு’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். எந்தப் பிரதி, எந்தக் கை, ஏன் மாற்றியது என்பதற்குப் பெரும்பாலும் பதில் கிடையாது.

அவள் திரையில் பதில் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயர், தேதி, மணி, நிமிடம். மாற்றியதற்குக் காரணமாக ஒரு குறிப்பு. எடுத்த சொல்லும் அழியாமல் அடியில் கிடக்கிறது, வேண்டுமென்றால் தோண்டிப் பார்க்கலாம். இந்த வரியை எழுதியது யார் என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயருக்கு நேர்ப்பொருள் ‘பழி போடு’. எனக்குச் சிரிப்பு வந்தது. பழி போடுவதற்காகவாவது பெயரை எழுதி வைக்கிறார்களே.

கம்பைலர் என்றால் என்ன என்று எனக்கு அவள்தான் விளக்கினாள். மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் செய்யக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் இன்னொரு நிரல். மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கறாரான மொழிபெயர்ப்பாளர். பொருள் இரட்டையாக இருந்தால் ஊகிக்க மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார், எந்த வரியில் எந்த இடத்தில் தவறு என்று சொல்லி.

இந்த வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெண். கிரேஸ் ஹாப்பர் 1952-இல் ஏ-0 என்ற முதல் கம்பைலரைச் செய்தார். கணினிக்குச் சாதாரணச் சொற்களிலேயே கட்டளை கொடுக்கலாம் என்று அவர் சொன்னபோது, கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று மேலிடத்தில் மறுத்தார்கள். அவர் செய்து காட்டினார். அதோடு நிற்காமல், அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் எழுதிக் காட்டினார். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான், எந்தச் சொல்லைச் சொன்னாலும் அடியில் அதே வேலை என்று நிரூபிப்பதற்காக. நிர்வாகத்தினர் மிரண்டுவிட்டார்களாம். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சு தெரிவதா! ஆங்கிலம் மட்டும் போதும் என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது என்று ஹாப்பரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், தெருப் பலகையில் இன்னமும் பிரெஞ்சைப் படித்தபடி நடக்கிறவளுக்கு இந்தக் கதை கூடுதலாக இனிக்கிறது.

அதற்கும் முன்னால் எனியாக். 1946 பிப்ரவரியில் அந்தக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அன்று எல்லோரையும் அசத்திய செய்முறையைத் தயார் செய்தவர்கள் பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இருவர். அன்றிரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் புகைப்படங்களில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்கள் யார் என்று ஒரு மாணவி கேட்டபோது, இயந்திரம் அழகாகத் தெரிய நிறுத்திவைத்த மாடல்கள் என்று பதில் வந்ததாம். எங்கள் ஊர் பாஷையில் சொன்னால், கல்யாண வீட்டில் சமைத்தவளைப் பரிமாற வந்தவள் என்று சொல்வது மாதிரி.

பிரான்சஸ் ஆலன் கதை மாணவிகளுக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். படிப்புக் கடனை அடைக்க 1957-இல் ஐபிஎம்மில் சேர்ந்தார், கடன் முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு. நாற்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். கம்பைலர் தரும் கட்டளைகளை வேகமாக ஓடும்படி எப்படிச் செப்பனிடுவது என்பது அவர் துறை. கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது 1966 முதல் கொடுக்கப்படுகிறது. அதை ஒரு பெண் முதன்முதலாகப் பெற்றது 2006-ஆம் ஆண்டுக்கான விருதில். அந்தப் பெண் அவர்தான். நாற்பது வருடம்.

இத்தனையும் கேட்டுவிட்டு, “ஒரு சொல்லை மாத்தறதுக்கு இவ்ளோ நேரமா?” என்றேன். அவள் பழைய சங்கதிகள் சிலவற்றைச் சொன்னாள். 2013 நவம்பரில், நோட் ஜேஎஸ்ஸுக்கு அடியில் ஓடும் லிப்யூவி என்ற நிரல்தொகுப்பில் இதே போல ‘அவன்’ என்றிருந்த ஒரு குறிப்பை மாற்றி ஒருவர் அனுப்பினார். அற்ப விஷயம் என்று அது நிராகரிக்கப்பட்டது. பிறகு பெரிய சண்டையாகி, கடைசியில் சேர்க்கப்பட்டது. 2018 செப்டம்பரில் பைத்தான் மொழியின் நிரலிலிருந்து ‘எசமானன் – அடிமை’ என்ற சொல்லிணையை எடுத்தார்கள். ஒரு நிரல் இன்னொன்றை ஏவுவதைக் குறிக்க அதுவரை அந்தச் சொற்கள்தான் புழங்கின. 2020 ஜூனில், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, கோ மொழியில் அதே இணையோடு ‘வெள்ளைப் பட்டியல்’, ‘கறுப்புப் பட்டியல்’ என்பவையும் போயின. ‘அனுமதிப் பட்டியல்’, ‘தடைப் பட்டியல்’ என்றானது. அந்த மாற்றத்தோடு இருக்கும் குறிப்பு எனக்குப் பிடித்திருந்தது. விவாதம் பண்ண வரவில்லை, இந்தச் சொற்களால் சிலர் புண்படுகிறார்கள், மாற்றுவதற்கு அது போதும் என்று எழுதியிருக்கிறார் மாற்றியவர். புதுச் சொற்கள் பழையதைவிடத் தெளிவாகவும் இருக்கின்றன, ஆகவே செலவு இல்லை, லாபம்தான் என்றும்.

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் துறையிலும் உண்டு. நானே சில சமயம் கேட்டிருக்கிறேன். பலகையில் பெயரை மாற்றிவிட்டு உள்ளே பழைய ஆட்களே உட்கார்ந்திருக்கும் அலுவலகங்களை நாம் பார்க்காததா? ஆனால் ‘கற்பழிப்பு’ என்று எழுதிக்கொண்டிருந்த செய்தித்தாள்கள் ‘பாலியல் வல்லுறவு’ என்றும் ‘வன்கொடுமை’ என்றும் எழுதத் தொடங்கியது என் கண்ணெதிரே நடந்தது. முதல் சொல்லில் போனது அவளுடைய ஏதோ ஒன்று. இரண்டாம் சொல்லில் குற்றம் செய்தவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறான். இதை நான் வகுப்பில் சொல்லும்போது பின்வரிசைப் பையன்கள்கூடத் தலை நிமிர்கிறார்கள்.

அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு கலைச்சொல் பட்டியல் தயாரிக்கும் குழுவில் இருந்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. ஆறு பேர், நான் ஒருத்தி பெண். அந்தப் பட்டியலில் ‘கற்பழிப்பு’ இருந்தது, ‘மலடி’ இருந்தது, ‘விபச்சாரி’ இருந்தது, இவற்றுக்கு ஆண்பால் எதிரே வெறும் கோடு. அத்தனையையும் எடுத்துவிட்டு மாற்றுச் சொல் வைத்தேன். இரண்டு கூட்டத்தில் வாதாடினேன். மூன்றாவது கூட்டத்தில், அதுவரை எதிர்த்துப் பேசிய ஒரு பேராசிரியர் எழுந்து அதே மாற்றங்களைத் தன் முன்மொழிவாக வைத்தார். உடனே நிறைவேறியது. புத்தகம் வந்தபோது தொகுப்பாசிரியர் அவர். என் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில், தேநீர் கொண்டுவந்தவருக்கு முந்திய இடத்தில், ‘உதவிய பேராசிரியை’ என்று. பெயர்கூட இல்லை, பதவி மட்டும். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை நடந்தால் சரி, பெயரில் என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கவிதை எழுதுகிறவளுக்குப் பெயரில் என்ன இருக்கிறது என்பது தெரியாதா?

“உங்க கிட் மாதிரி ஒண்ணு எங்க குழுவுக்கு இருந்திருந்தா?” என்று கேட்டேன். இந்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவிக்குப் பெயர் கிட். அவள் ஒரு விஷயம் காட்டினாள். ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு பெயர்களுக்கு இடம் இருக்கிறது. ஒன்று எழுதியவர், இன்னொன்று அதைச் சேர்த்தவர். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ஆனால் சேர்த்தவர் பெயர் எழுதியவர் பெயரை விழுங்க வேண்டிய அவசியமில்லை.

எனக்கு அவள் ஆயா ஞாபகம் வந்தது. முத்தியால்பேட்டையின் பழைய தெருக்களில் ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்கும். அந்த அம்மாள் திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருப்பார். பாவு ஓட்டும்போதும் அவர்தான் நடப்பார். தறியில் உட்கார்ந்தவர் தாத்தா. சேலை முடிந்ததும் சங்கத்துக்கு எடுத்துப்போய்க் கொடுப்பவரும் அவரே, கூலி பற்று எழுதப்படுவதும் அவர் பெயரில். தார் இல்லாமல் நாடா ஓடாது. ஆனால் தார் சுற்றியவருக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. இதைச் சொன்னதும் பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்மா” என்றாள். அதை ஏன் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது.

அவளுக்கு எழில் பற்றியும் தெரிந்திருந்தது. முத்து அண்ணாமலை என்பவர் அமெரிக்காவில் இருந்துகொண்டு 2007 வாக்கில் தொடங்கி, 2013-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட தமிழ் நிரல்மொழி. கறாராகச் சொன்னால் அதற்கு அடியில் இருப்பது கம்பைலர் அல்ல, இன்டர்பிரட்டர் என்று திருத்தினாள். நிரலை ஓட்டும்போதே புரிந்துகொண்டு செய்துவிடும், பைத்தானின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் சொற்களைப் பார்த்தேன். அழகாக ஒரு விஷயம் செய்திருக்கிறார்கள். ஆங்கில மொழிகளில் ‘இப்படியானால்’ என்பது முதலில் வந்து நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முன்னால், ‘ஆனால்’ பின்னால். மழை பெய்தால் என்று நாம் சொல்லும் முறை. தமிழை ஆங்கில வாக்கியத்தின் மேல் ஒட்டவைக்காமல், தமிழ் நடக்கிறபடி நடக்கவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் வேறொன்று என்னை உறுத்தியது. பதிப்பி, நிறுத்து, தொடர், பின்கொடு, தேர்ந்தெடு, முடி. எல்லாம் ஏவல் ஒருமை. ஆங்கிலத்தில் ஒரு கட்டளைச் சொல் யாருக்கும் பொது, ராணிக்கும் அதுதான், வேலைக்காரிக்கும் அதுதான். தமிழில் அப்படி இல்லை. ‘பதிப்பி’ என்பதற்கும் ‘பதிப்பியுங்கள்’ என்பதற்கும் நடுவில் ஒரு சமூகமே உட்கார்ந்திருக்கிறது. எடு, வை, ஊற்று, கொண்டா என்று எந்த வீட்டில் யார் யாரிடம் சொல்கிறார்கள்? என் அம்மா தன் வாழ்நாளில் கேட்ட வினைச்சொற்களில் பெரும்பாதி இந்த வடிவத்தில்தான் இருந்திருக்கும். நிரல்மொழிக்குச் சொல் சுருக்கமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ‘உங்கள்’ சேர்த்து எழுத முடியாது, அது நியாயம். எழில் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் ‘பதிப்பி’ என்றுதான் வைத்திருப்பேன். ஆனால் இயந்திரம் நம்மிடம் பேசும்போது? பிழை என்று திருப்பி அனுப்பும்போது ‘நீ’ என்குமா ‘நீங்கள்’ என்குமா?

“ரஸ்டுல கேட்டுப் பாருங்கம்மா” என்றாள். ரஸ்ட் என்பது 2015-இல் முதல் முழுப் பதிப்பு வந்த நிரல்மொழி. அதன் கம்பைலர் பிழையைச் சொல்லும் பாங்குக்காகவே பேர்போனது: எங்கே தவறு என்று சொல்லி, இப்படிச் செய்து பார்க்கலாமே என்று பக்கத்தில் யோசனையும் தருகிறது. 2022-இல் அந்தப் பிழைச் செய்திகளைப் பிற மொழிகளில் பெயர்க்க வசதியாக, நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்புகளில் வைக்கத் தொடங்கினார்கள். பிறகு அந்த வேலை வேகம் குறைந்துபோனது. தமிழில் அது இன்னும் பேசவில்லை. பேச வேண்டி வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நன்றியுரை வேண்டாம்.

ரஸ்டில் இன்னொன்றும் சொன்னாள், அதையும் எழுதிவிடுகிறேன். அதில் ஒரு மதிப்புக்கு ஒரு நேரத்தில் ஒரே உரிமையாளர்தான். இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்தவர் அதைத் தொட முடியாது, தொட்டால் கம்பைலர் தடுக்கும். நினைவகம் குழம்பாமல் இருக்க நல்ல ஏற்பாடாம். “தாரை வார்த்த மாதிரி” என்றேன். முதலில் சிரித்தாள். போன மாதம்தான் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால் சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது.

அப்போதுதான் திரையில் அவள் பெயரைத் தேடினேன். இல்லை. அவள் பெயரில் ஒரு ழகரம் உண்டு, கூப்பிடவே நன்றாக இருக்கும். அந்த இடத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தன.

“இது யாரு?”

“நான்தாம்மா.”

முதல் திருத்தத்தை முழுப் பெயரோடும் படத்தோடும் அனுப்பியிருக்கிறாள். கம்பைலர் தவறான வரியைக் காட்டிய ஒரு பிழைக்கான திருத்தம் அது. ஏழு வாரம் கிடந்தது. நடுவில் வந்த பதில்களில் அடிப்படைப் பாடங்களை அவளுக்கு விளக்கினார்கள், கல்லூரி முதலாண்டில் படிப்பதை. இரண்டாவதை முன்னெழுத்துகளோடு, படமில்லாமல் அனுப்பினாள். இரண்டு நாளில் சேர்ந்துவிட்டது. ‘நன்றி, ப்ரோ’ என்று பதில். பெயர் மட்டும்தான் காரணமா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கிட்ஹப்பில் அனுப்பப்பட்ட திருத்தங்களைப் பெருமளவில் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017-இல் பியர்ஜே இதழில் வந்திருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் பெண்கள் அனுப்பியவை ஆண்களுடையதைவிட அதிகமாகவே ஏற்கப்பட்டன. ஆனால் அந்தத் திட்டத்துக்குப் புதியவராக இருந்து, பெண் என்பதும் வெளியே தெரிந்தால், ஏற்கப்படும் விகிதம் ஆண்களுடையதற்குக் கீழே இறங்கிவிடுகிறது.

ஆக, ‘அவன்’ என்ற சொல்லை எடுத்தவளை அவர்கள் ‘அவன்’ என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்குத் தமிழில் கணினியைச் சொல்லிக்கொடுத்த எழுத்தாளரை நினைத்துக்கொண்டேன். ரங்கராஜன் என்ற பொறியாளர், மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஒரு பெண் பெயரில் ஓர் ஆண் தமிழ்நாட்டுக்கே கணினி கற்றுத்தர முடிந்தது. சொந்தப் பெயரில் இவளால் ஒரு வரியைத் திருத்த முடியவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே பாரமாக இருந்தது.

“மாத்த முடியுமா?” என்று மட்டும் கேட்டேன்.

முடிந்ததை மாற்றுவது கஷ்டம் என்றாள். பழைய ஒரு பெயரைத் திருத்தினால் அதற்குப் பின்னால் வந்த எல்லா மாற்றங்களின் அடையாள எண்ணும் மாறிவிடும், அதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் வேறு வழி இருக்கிறது. மெயில்மேப் என்று ஒரு சிறிய கோப்பு. ரஸ்ட், எல்எல்விஎம் போன்ற பெரிய கம்பைலர் திட்டங்களில் அது இருக்கிறது. ‘அந்தப் பெயரில் எழுதியதும் நான்தான், இனி என்னை இப்படிக் காட்டு’ என்று அதில் ஒரு வரி சேர்க்கலாம். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியவர்களும், தங்கள் பாலினத்துக்கேற்பப் பெயரை மாற்றிக்கொண்ட திருநர்களும் அதில் வரி சேர்க்கிறார்கள். பழையதை அழிப்பதில்லை. பக்கத்தில் ஒன்று எழுதிவைப்பது. அடிக்குறிப்பு மாதிரிதான், ஆனால் மேலே வருவது இந்த முறை அடிக்குறிப்பில் இருந்த பெயர்.

“சேர்த்தா பெண்ணுன்னு தெரிஞ்சிடும். அடுத்தது அனுப்பினா மறுபடி ஏழு வாரம் ஆகும்.”

“ஆகும்” என்றேன். சேர் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள்தானே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மணிக்கூண்டுப் பக்கம் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டு வாசலில் மடிக்கணினியோடு நின்றிருந்தாள். வரியைத் தட்டச்சு செய்து வைத்திருந்தாள், பெயரைத் தமிழ் எழுத்திலேயே. “ழ சரியா வந்திருக்கா பாருங்கம்மா, தமிழ்ல என் பேரை நான் அடிச்சதே இல்ல.” சரியாக இருந்தது. முன்னெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

“இனிஷியல் யாரோடது போடட்டும்?”

“உன் பேரு. நீதான் சொல்லணும்.”

அப்பாவின் எழுத்தை அடித்தாள், புள்ளி வைத்தாள், அழித்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்து அவளைப் படிக்கவைத்த அம்மாவின் எழுத்தை அடித்தாள். என்னைப் பார்த்தாள். நான் மீன் பையை மாற்றுக் கைக்கு எடுத்துக்கொண்டேன்.

அப்படியே அனுப்பினாள். இன்றோடு எட்டு நாள். இன்னும் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.